கடுகு வெடிக்காத வீடு

என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்த ஓர் ஆவணி மாதத்தில், லிங்கநகரில் இருந்த எங்கள் வீட்டில் ஐந்து நோய்கள் குடியிருந்தன. ஐந்தும் அவள் ஒருத்திக்கே. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. அது கண்நோய் என்றார் பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே. கழுத்தின் ஒரு பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அது கூகைக்கட்டு என்றேன் நான். நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது. நான் களவாகச் சிவப்பு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்றாள் மனைவி. எல்லாவற்றுக்கும் முதலில் வந்த காய்ச்சல் வெயில் காய்ச்சல். கடைசியாக உடம்பெங்கும் சிவந்து தடித்தது, அம்மாள். காய்ச்சலையும் அம்மாளையும் தீர்மானித்தவர் மனைவியின் தமக்கை. அவர் எங்களோடுதான் இருந்தார். மகளுக்குப் பெரியம்மா, எனக்கும் மனைவிக்கும் அக்கா. அவருடைய தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் மேன்முறையீடு கிடையாது.

அம்மாள் என்றால் எங்கள் பக்கத்தில் அம்மை. அது நோயாக வருவதில்லை, விருந்தாளியாக வருகிறது. பிள்ளையின் உடம்பில் அம்மன் வந்து தங்கியிருக்கிறாள் என்பதால், அவள் மனம் கோணாமல் நடந்து, அவளாகவே போகும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை மகளின் முதுகில் சிவப்பைக் கண்ட உடனே அக்கா கேற்றில் வேப்பிலை கட்டினார். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. மீனும் இறைச்சியும் கூடாது. ஊசி, மருந்து கூடவே கூடாது. குசினியில் தாளிக்கக்கூடாது, ஏனென்றால் கடுகு வெடிக்கிற சத்தமும் மிளகாய் கருகுகிற மணமும் அம்மாளுக்குப் பிடிக்காது. பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கவும் கூடாது. அன்றிலிருந்து அக்கா என் மகளோடு பேசியது இப்படித்தான்:

"தாயே, இளநி கொஞ்சம் குடிக்கிறியளோ?"

"வேண்டாம்! போ!"

"போறன் தாயே."

"எல்லாரும் போங்கோ! அப்பாவும் போ!"

"தம்பி, எழும்புங்கோ. அம்மாள் போகச் சொல்லுறா."

நான் எழும்பிப் போனேன். மகள் சாதாரணமாகச் சாந்தமான பிள்ளை. அந்த நாட்களில் தலையணை சுளித்திருந்தாலும் கத்தினாள், சரியாக இருந்தாலும் கத்தினாள். காகம் கத்தினால் காகத்துக்குப் போட்டியாகக் கத்தினாள். இந்தப் பொல்லாத சினமும் அந்த நோயின் அடையாளங்களில் ஒன்றுதான் என்று பின்னால் புத்தகங்களில் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரையில் அது மனைவி வீட்டார் வழியில் வந்த குணம் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகளின் கால்களைக் கண்ட மனைவி அப்படியே நின்றுவிட்டாள். பாதங்கள் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தன. உள்ளங்கைகளும் அப்படியே. இறக்கி விட்டால் நிற்க மாட்டேன் என்று அலறினாள். உதடு வெடித்து இரத்தம் கசிந்தது.

"அக்கா, அம்மாளுக்குக் கால் வீங்குமோ?"

அக்கா யோசித்தார். அவர் யோசித்தது எனக்குப் பயமாக இருந்தது.

"நான் கண்டதில்லை," என்றார் கடைசியில்.

மனைவி பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டினாள். நான் ஓட்டோ பிடிக்க ஓடினேன். அக்கா தடுக்கவில்லை. ஆனால் கேற்றில் கட்டியிருந்த வேப்பங்கொத்தில் பாதியை முறித்துக்கொண்டு ஓட்டோவில் எங்களுக்கு முந்தி ஏறி உட்கார்ந்துவிட்டார். அம்மாள் வெளியில் போனால் வேப்பிலையும் கூடப் போக வேண்டுமாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, சாவடிக்கு அந்தப் பக்கம் நடந்துபோய் ஏற வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. கடற்படைப் பையன் ஒருவன் எங்கள் ஓட்டோவுக்குள் குனிந்தான். உள்ளே அக்கா வேப்பங்கொத்தால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தார். பிள்ளையின் சிவந்த முகத்தையும் வேப்பிலையையும் மாறி மாறிப் பார்த்தவன், துவக்கோடு இரண்டடி பின்னால் பாய்ந்தான்.

"தெய்யன்கே லெடே!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். தெய்வங்களின் நோய் என்று சிங்களத்தில் அதற்குப் பெயர். அவர்கள் ஊரிலும் அது விருந்தாளிதான்; அவர்களுக்கும் வேப்பிலைதான். வரிசையில் நின்ற வண்டிகளை ஓரம்கட்டச் சொல்லி எங்களை விட்டார்கள். சாரதி இவ்வளவு வேகமாக அந்த இடத்தைக் கடந்தது தன் வாழ்நாளில் இல்லை என்றார். "அம்மா, அந்தக் கொத்தை எனக்குத் தந்திட்டுப் போங்கோவன். இனி முன்னுக்குக் கட்டிவைச்சே ஓடுறன்."

"விளையாட்டுக் கதை கதையாதை தம்பி," என்றார் அக்கா. ஆனால் அவர் வாயோரத்தில் பெருமை இருந்தது.

பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் இளம் பெண், யாழ்ப்பாணத்தவர். கண் இமையைத் திறந்து பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டார், கைகால்களைப் பிடித்துப் பார்த்தார், முதுகைத் திருப்பிப் பார்த்தார். மகள் அவரை உதைத்தாள். அவர் உதையையும் ஒரு அடையாளமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதுபோல் தலையாட்டினார்.

"உங்கட புத்தகத்தில இந்த நாக்குக்கு என்ன பேர் பிள்ளை?" என்று கேட்டார் அக்கா.

"ஸ்ரோபெரி நாக்கு எண்டு போட்டிருக்கு, அம்மா."

"அதென்ன?"

"ஒரு பழம். ஜாம் போத்தல்ல படம் இருக்கும்."

"நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"நானும் போத்தல்லதான் கண்டனான்," என்று டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களை இருக்கச் சொன்னார்.

ஐந்து நோய் இல்லை, ஒன்றுதான் என்றார். கவாசாக்கி நோய். யப்பானில் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் ஒருவர் முதலில் அடையாளம் கண்டது. அவருடைய பெயரே நோய்க்கும். ஏன் வருகிறது என்று எவருக்கும் தெரியாது. உடம்பிலுள்ள இரத்தக்குழாய்களின் சுவர்கள் அழற்சியால் வீங்குகின்றன. கண், உதடு, நாக்கு, கை, கால், தோல் எல்லாவற்றிலும் நாங்கள் கண்டது வெவ்வேறு யன்னல்களால் தெரிந்த ஒரே நெருப்பு. இந்த நோய் இருக்கிறது என்று சொல்லித் தருகிற தனி இரத்தப் பரிசோதனை ஒன்றும் இல்லை. அடையாளங்களைக் கூட்டித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

"வெளிய தெரியிறது எல்லாம் தானா மாறியிடும். எனக்குப் பயம் உள்ளுக்கு இருக்கிறதுக்கு. இதயத்துக்கு ரத்தம் குடுக்கிற சின்னக் குழாயள். சுவர் பலமில்லாமப் போனா அதுகள் புடைக்கும்."

"சைக்கிள் டியூப் ஒரு இடத்தில பலூன் மாதிரி வருமே, அப்பிடியோ?" என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒட்டுப்போடாத டியூப் ஒன்றையும் காண ஏலாது.

"ஓம், அதேதான். அது வராமத் தடுக்கிறதுக்கு ஒரு மருந்து இருக்கு. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளைக்குள்ள ஏத்தவேணும். பிந்தினா ஏத்தக்கூடாது எண்டில்லை, ஆனா பலன் குறையும். மருந்து கண்டியிலதான் இருக்கு. நாளைக் காலமை அம்புலன்ஸ் ஒண்டு போகுது, இடம் நிறைஞ்சிட்டுது. அடுத்தது வெள்ளிக்கிழமை. இப்ப எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. காய்ச்சல் எண்டைக்குத் தொடங்கினது?"

"வெள்ளிக்கிழமை," என்றார் அக்கா, ஒரு கணமும் தாமதிக்காமல். "இண்டைக்கு அஞ்சாம் நாள்."

"அப்ப வர்ற வெள்ளி போகலாம்," என்று டொக்டர் எழுதப் போனார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு: நாட்களை மறப்பதில்லை. பாதை கடைசியாக எப்போது நின்றது, எந்தத் தேர் மழையில் போனது என்று ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். பாதை என்பது கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவை. பாதுகாப்புக் காரணம் என்று அதைச் சில நாட்கள் நிறுத்தியிருந்தார்கள். திரும்ப ஓடத் தொடங்கியது அந்த வெள்ளிக்கு முந்திய திங்கட்கிழமை. அன்று காலை, நானா என்று நாங்கள் அழைக்கும் கிண்ணியாத் தயிர்க்காரர் முதல் பாதையிலேயே வந்து, தயிர்ச்சட்டியை எங்கள் வாசலில் இறக்கினார். தயிரும் இனிப்புப் பாணியும் என்றால் மூக்குவரை பூசிக்கொண்டு சாப்பிடுகிற என் மகள், அன்று சட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். "என்ன மகள், நானாவோட கோவமா?" என்று அவள் நெற்றியைத் தொட்டவர், "சுடுதே தம்பி," என்றார்.

"திங்கட்கிழமை தொடங்கினது, டொக்டர்," என்றேன். "போன திங்கள். பாதை திரும்ப ஓடின நாள்."

"அது வேற காய்ச்சல்!" என்றார் அக்கா. "ஞாயிற்றுக்கிழமை கப்பல் காட்டுறன் எண்டு பிள்ளையைத் துறைமுகக் கரையில மத்தியான வெயில்ல வைச்சிருந்தது ஆர்? அது வெயில் காய்ச்சல். அது வந்து போச்சுது. அம்மாள் முத்துப் போட்டது வெள்ளிக்கிழமை. நாள் அதிலயிருந்துதான்."

எங்கள் ஆட்கள் அம்மாளுக்கு நாள் எண்ணுவது அப்படித்தான். தோலில் தெரிகிற நாள்தான் முதலாம் நாள். தண்ணீர் வார்ப்பதும் கோயிலுக்குப் போவதும் அந்தக் கணக்கில்தான். அதற்கு முந்திய காய்ச்சல் எந்தக் கணக்கிலும் சேராது. அக்கா பொய் சொல்லவில்லை. விருந்தாளி வாசலில் ஏறிய நாளைச் சொன்னார். டொக்டர் கேட்டது அந்த விருந்தாளி தன் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளை.

"வந்து போனதோ, தொடர்ந்து இருந்ததோ?" என்றார் டொக்டர். "நாளைக்கு ஒராளை இறக்கிப்போட்டு உங்களை ஏத்திறதெண்டா, எனக்கு நாள் சரியாத் தெரியவேணும். திங்களெண்டா இண்டைக்கு ஒன்பதாம் நாள்."

"பனடோல் பாணி குடுத்தா இறங்கும், பிறகு ஏறும்," என்றாள் மனைவி.

"போன செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இல்லை," என்றார் அக்கா. "எனக்குத் தெரியும்."

மனைவி திரும்பித் தமக்கையைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் அக்கா செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் வைச்சு முழுக வாக்கேல்லை?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். மகள்கூட அழுகையை நிறுத்தினாள்.

செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய் முழுக்கு. எங்கள் வீட்டில் அதைத் தவிர்க்க எவராலும் ஏலாது. ஊரடங்கில் கிணற்றடிக்குப் போக முடியாத நாளில் அக்கா மகளைக் குசினிக்குள் வைத்து வார்த்தவர். ஷெல் சத்தம் கேட்ட செவ்வாயில், "கண்ணுக்க எண்ணெய் போயிடும், ஆடாதை" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவர்.

அக்கா வேப்பங்கொத்தை மடியில் வைத்தார்.

"உடம்பு கணகணவெண்டு இருந்தது," என்றார் மெதுவாக. "தண்ணி வாக்க மனம் வரேல்லை. ஓம். சுட்டது."

"புதன்?"

"சுட்டது."

"வியாழன்?"

"எல்லா நாளும் சுட்டது பிள்ளை. எழுதுங்கோ, திங்கட்கிழமை எண்டு எழுதுங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா வெயில்ல கொண்டுபோனது பிழைதான்."

அம்புலன்ஸில் இடம் தந்தவர் காலில் கம்பி வைக்கப் போகவிருந்த ஒரு ஐயா. டொக்டர் தயங்கித் தயங்கிக் கேட்க, அவர் கட்டிலிலிருந்தே கையை வீசினார். "மூண்டு மாசமா நொண்டுறன். இன்னும் மூண்டு நாள் நொண்டினா நோபல் பரிசோ போயிடும்? ஏத்துங்கோ பிள்ளையை."

போவதற்கு முன் அக்காவுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அந்த மருந்து எதில் செய்தது?

"ரத்தத்தில இருந்து எடுக்கிறது அம்மா. ஆயிரக்கணக்கான ஆக்கள் குடுத்த ரத்தத்தைச் சேர்த்து, அதில இருந்து நல்லதைப் பிரிச்செடுத்துப் போத்தல்ல அடைக்கிறது."

"ஆராற்ற ரத்தம்?"

"அது ஆருக்கும் தெரியாது. வெளிநாட்டு ஆக்கள்."

அக்கா வேப்பங்கொத்தில் ஒரு இலையை நுள்ளினார். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, பக்கத்து வீட்டுக்காரரைக்கூட வேலிக்கு அப்பால் நிறுத்தி வைத்திருந்தவர் அவர்.

"அதில மச்சம் சாப்பிடுறவையும் இருப்பினமோ?"

"கன பேர் இருப்பினம் அம்மா."

"சைவக்காரர்?"

"கொஞ்சப் பேராவது இருப்பினம்," என்றார் டொக்டர், முகத்தை மாற்றாமல்.

"சரி, பரவாயில்லை," என்றார் அக்கா. "அவையும் பிள்ளை குட்டிக்காரர்தானே."

மறுநாள் காலை அம்புலன்ஸின் முன் கண்ணாடியில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. யார் கட்டியது என்று சாரதி கேட்கவில்லை. கந்தளாயிலும் அதற்கப்பாலும் எங்களை நிறுத்திய ஒவ்வொரு சாவடியிலும் டொக்டரின் கடிதத்தை நான் நீட்டினேன், ஒருவரும் வாங்கவில்லை. எல்லோரும் வேப்பிலையையே வாசித்தார்கள். மத்தியானம் தாண்டி நாங்கள் கண்டியில் இருந்தோம். அன்று பின்னேரமே அந்தத் தெளிந்த திரவம் மகளின் கையில் துளித்துளியாக இறங்கத் தொடங்கியது. நான் கட்டிலருகே நின்று போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாட்டில் அந்த ஆண்டுகளில் இரத்தம் வேறு வழிகளில் போய்க்கொண்டிருந்தது. இங்கே முகம் தெரியாத ஆயிரம் பேர், ஒருவரை ஒருவர் இடிக்காமல், வரிசையாக என் மகளுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸ் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் விடிந்தபோது மகள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். மனைவி நெற்றியில் கை வைத்தாள். பிறகு என் கையை எடுத்து அங்கே வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"அம்மா," என்றாள் மகள், நாகரிகமான குரலில். "எனக்குச் சூடை மீன் பொரியல் வேணும்."

கடலே இல்லாத மலைநாட்டில் நின்றுகொண்டு நான் வார்ட்டின் நடைபாதையில் ஆடினேன். ஆட்டம் என்று அதைச் சொல்லலாமோ தெரியாது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எதிர்க் கட்டில் பிள்ளை கை தட்டியது.

ஆனால் அதோடு முடியவில்லை. இதயத்தை ஸ்கான் செய்த பெரிய டொக்டர், குழாய் ஒன்று ஓரிடத்தில் கொஞ்சம் அகன்றிருக்கிறது என்றார். திரும்பச் சுருங்கலாம், சுருங்காமலும் விடலாம். சின்ன அளவில் அஸ்பிரின் கொடுத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்.

இதை வீட்டில் வந்து சொன்னோம். அக்கா கேட்டுவிட்டுக் கேற்றுக்குப் போய்ப் புது வேப்பிலை கட்டினார்.

"அம்மாள் இல்லையெண்டு டொக்டர் சொன்னவ, அக்கா," என்றேன்.

"டொக்டர் சொன்னது சரி. ஆனா இன்னும் ஒண்டு உள்ளுக்கு இருக்கெண்டு சொன்னவையெல்லே? அது போகுமட்டும் இந்த வீட்டில கடுகு வெடிக்காது."

வெடிக்கவில்லை. ஆறு கிழமை. தாளிக்காத பருப்பு, தாளிக்காத சொதி, தாளிக்காத கத்தரிக்காய். சாப்பாட்டு மேசையில் எல்லாம் மஞ்சளாக, அமைதியாக இருந்தன. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் இரண்டு உழுந்து வடை சாப்பிட்டுவிட்டு வந்தேன். அக்கா என்னைக் கடந்து போகும்போது நின்று மூக்கை உறிஞ்சினார். "தம்பிக்கு வெளிய நல்ல சாப்பாடு போல," என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எனக்கு வடை இறங்கவில்லை.

மகளுக்கோ அது கொண்டாட்டக் காலம். விரல் நுனிகளிலிருந்து தோல் கையுறை மாதிரி உரிந்து வந்தது. இந்த நோயின் கடைசி அடையாளம் அது. அவள் உரித்த துண்டுகளைக் கேற்றடிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்தாள். தயிர்க்கார நானாவுக்கும் ஒன்று கிடைத்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து, "பெரிய உபகாரம் மகள்," என்றுவிட்டு, அவள் பார்க்காத நேரம் வேலியோரம் விட்டார்.

இரவில் மகள் தூங்கிய பிறகு மனைவி அவளுடைய மார்பில் காதை வைத்துக் கேட்பாள். அகன்ற குழாயின் சத்தம் காதுக்குக் கேட்காது என்று இருவருக்கும் தெரியும்.

ஐப்பசியில் கண்டிக்குப் போனோம். இருட்டிய அறையில் ஸ்கான் கருவியின் திரையில் மகளின் இதயம் சின்ன மீன்குஞ்சு வாய் திறந்து மூடுவது போல அடித்தது. பெரிய டொக்டர் பார்த்தார், திரும்பப் பார்த்தார், கருவியைச் சரித்துப் பார்த்தார். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு இரத்த ஓட்டம் நின்றது.

"நோர்மல்," என்றார். "அகன்றிருந்தது சுருங்கிவிட்டது."

மகள் கட்டிலில் எழும்பி நின்று, "முடிஞ்சுதோ? இனி மீன்?" என்றாள்.

பஸ் அன்று ஊர்ந்தது. வீட்டுக்கு வரும்போது ஊரடங்குக்குச் சற்று நேரமே இருந்தது. அக்கா கேற்றடியில் வேப்பிலைக்குக் கீழே நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சேலையில் காய்ந்த இலைகள் விழுந்திருந்தன. நான் வாய் திறப்பதற்குள் மகள் என் தோளிலிருந்து கத்தினாள்:

"பெரியம்மா! என்ர இதயம் வடிவா இருக்காம்!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மனைவியைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். அக்கா பிள்ளையைத் தூக்கவில்லை, அழவில்லை. திரும்பி நேரே குசினிக்குப் போனார்.

நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அடுப்பில் தாச்சி வைக்கிற சத்தம் கேட்டது. எண்ணெய் ஊற்றுகிற சத்தம். பிறகு அது வெடித்தது: ஒரு கைப்பிடி கடுகு இருக்கும், ஆறு கிழமைக் கடுகு, படபடவென்று தகர மூடியில் மோதித் தெறித்தது. பின்னாலேயே செத்தல் மிளகாய் கருகிய புகை குசினியிலிருந்து கிளம்பி, விறாந்தையைத் தாண்டி, கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கியது. எங்களுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. மகள் தும்மினாள், நான் தும்மினேன், மனைவி தும்மிக்கொண்டே சிரித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நாலைந்து தரம் தும்மினார்கள்.

"என்ன, பிள்ளை சுகமே?" என்று கேட்டது பக்கத்து வீட்டுக்காரரின் குரல்.

"சுகம்!" என்று குசினிக்குள்ளிருந்து கத்தினார் அக்கா. "சாப்பிட வாங்கோ!"